எக்ஸெல் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு: ஆட்டிசம் உள்ள என் மகளுடன் இரண்டு பருவங்கள்

நியூஜெர்சியின் நடுப்பகுதியில், கிடங்குகள் நிறைந்த ஒரு வளாகத்துக்குள் இயங்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் ஒன்றின் எக்ஸெல் குழுவில் என் மகள் இரண்டு பருவங்களாகப் போட்டியிட்டு வருகிறாள். அவளுக்கு வயது 11, ஆட்டிசம் உள்ளவள். எங்கள் பகுதித் தமிழ்ப் பெற்றோர் பலர், தம் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்று தனித்தனியே கேட்பதால், கட்டணம் முதல் போட்டி நாள் வரை நான் கண்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கூடத்தின் பெயரைச் சொன்னால் மகள் யாரென்று எளிதில் தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். எக்ஸெல் நாடு முழுவதும் நடைபெறும் திட்டமாதலால், இங்கே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டை நிர்வகிக்கும் யூஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பெண்களுக்கு இரண்டு போட்டிப் பாதைகளை வகுத்திருக்கிறது. ஒன்றில் 1 முதல் 10 வரை நிலைகள் உண்டு. அவற்றுள் முதல் ஐந்து நிலைகளில் நாடெங்கும் உள்ள சிறுமியர் அனைவரும் ஒரே அசைவுகளை ஒரே வரிசையில், ஒரே இசைக்குச் செய்து காட்ட வேண்டும். மற்றொன்று எக்ஸெல். வெண்கலத்தில் தொடங்கி வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று ஏறி நீலக்கல்லில் முடியும் ஆறு பிரிவுகள் இதில் உள்ளன. இன்னின்ன வகை அசைவுகள் இடம்பெற வேண்டும் என்பது மட்டுமே இதில் விதி. எதைத் தேர்ந்து எப்படிக் கோப்பது என்பதைப் பயிற்சியாளரும் பிள்ளையும் முடிவு செய்துகொள்ளலாம். ஒலிம்பிக் கனவு இல்லாத, ஆனால் பதக்கமும் மதிப்பெண்ணும் உள்ள மேடையில் நிற்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கான இடம் இது. என் மகள் வெள்ளிப் பிரிவில் இருக்கிறாள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மாறாத வரிசைதான் பிடிக்கும், ஆகவே எல்லோருக்கும் ஒரே அசைவுக் கோவை உள்ள முதல் பாதையே சரி என்றுதான் நான் முதலில் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது. மாறாத வரிசை என்பது வேறு, யாரோ தீர்மானித்த வரிசை என்பது வேறு. என் மகளுக்குத் தரையில் பின்புறமாக உருள்வது அறவே ஆகாது. கம்பியில் மட்டும் தயங்காமல் பின்புறமாகச் சுழல்வாள். காரணம் கேட்டால், "கம்பி கையில இருக்கு, தரை கையில இல்ல" என்பாள். கட்டாயக் கோவையில் பின்னுருளல் வந்துவிட்டால் அதை யாரும் எடுத்துவிட முடியாது. எக்ஸெலில் பயிற்சியாளர் அதைச் சேர்க்காமலே தரைப் பயிற்சியைக் கோத்தார். கோத்த பிறகு செப்டம்பர் முதல் பருவம் முடியும் வரை ஓர் அசைவைக்கூட மாற்றவில்லை. மற்றச் சிறுமியருக்கு நடுவில் புதிதாக ஏதேனும் சேர்ப்பார்கள். இவளுக்கு மாற்றம் எதுவானாலும் கோடை விடுமுறையில்தான்.

பெண்களின் தரைப் பயிற்சிக்குப் பாடல் வரி இல்லாத இசையே அனுமதிக்கப்படும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு துண்டைப் போட்டால் அரங்கமே திரும்பிப் பார்க்கும் என்று நான் ஆசைப்பட்டேன். தவிலின் முதல் அடியிலேயே மகள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இப்போது தனி வயலின்தான் ஒலிக்கிறது. என் ஆசையை அடுத்த பிறவிக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன் வேறோர் இடத்தில் மூன்று வகுப்புகள் போனோம். மூன்றாம் வகுப்பு முடிந்ததும், "தனிப் பயிற்சிதான் உங்கள் பிள்ளைக்கு நல்லது" என்று இனிமையாகச் சொல்லி, குழு வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இத்தகைய கூடங்கள் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதும், சேவையின் அடிப்படையையே மாற்றிவிடாத நியாயமான மாறுதல்களைச் செய்து தருவது அவற்றின் கடமை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வழக்காடி உள்ளே நுழைந்த இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வர மனம் வந்திருக்குமா என்பது ஐயமே.

இப்போதைய கூடத்துக்கு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு வந்த பதில்தான் எங்களை இங்கே நிறுத்தியது. பிள்ளை எவ்வளவு பேசுவாள், சொன்னால் கேட்பாளா என்ற வழக்கமான விசாரணை அதில் இல்லை. "விழாமல் தாங்கிப் பிடிக்கும்போது அவளைத் தொட வேண்டியிருக்கும். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டுமா? அழுத்திப் பிடித்தால் பிடிக்குமா, மெல்லப் பிடித்தால் பிடிக்குமா?" என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டிருந்தார். அழுத்தமான பிடி அவளை அமைதிப்படுத்தும் என்பதும், இறகு போன்ற தொடுகை அவளைத் துள்ள வைக்கும் என்பதும் நாங்கள் பல ஆண்டுகள் தடுமாறித் தெரிந்துகொண்டவை. அந்த அம்மையார் ஒரே கேள்வியில் அதைத் தொட்டுவிட்டார்.

சமநிலைக் கட்டையில் அவள் பயிற்சி செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பீம் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், போட்டி உயரம் 125 சென்டிமீட்டர். ஏறுவதற்கு முன் அவள் கட்டையின் ஒரு முனையை மூன்று முறை தட்டுவாள். முதல் மாதம் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அதை வேண்டாத பழக்கம் என்று நினைத்து நிறுத்தப் பார்த்தார். அன்று அவள் ஏறவே இல்லை. மறுவாரம் தலைமைப் பயிற்சியாளர் அந்தத் தட்டலை நடுவருக்கு வணக்கம் சொல்லும் முன்னரே முடித்துக்கொள்ளும்படி வரிசையில் சேர்த்துவிட்டார்: மூன்று தட்டல், கை உயர்த்தி வணக்கம், பிறகு ஏற்றம். கட்டையின் மேல் அவள் கார்ட்வீல் (கையூன்றிப் பக்கவாட்டில் சுழல்வது) செய்யும்போது பயிற்சியாளர் "மூணு, ரெண்டு, ஒண்ணு, கை" என்று அவளே கற்றுக்கொடுத்த தமிழில் எண்ணிவிட்டுத்தான் இடுப்பைப் பிடிப்பார். அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பது சிரமம்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், தலைகீழாகத் தொங்கும் பேத்தியைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்து, "இருக்கிற பிரச்சினை போதாதா மாப்ளே, எலும்பையும் முறிக்கணுமா?" என்று கேட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடியோரத்து நாற்காலியைவிட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.

குழுவில் எட்டுப் பேர். அவர்களைப் பற்றி எழுதும்போது, தேவதைக் குழந்தைகள் என்ற தொனி வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அவர்களும் சண்டை போடுகிறார்கள், இவள் தங்கள் தண்ணீர்க் குப்பிகளை நிற வரிசையில் அடுக்கி வைத்தால் எரிச்சலடைகிறார்கள். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள். அவள் ஒரு பயிற்சியை முடித்தால் கைதட்டாமல், காதுகேளாதோர் பாராட்டுவதுபோல இரு கைகளையும் உயர்த்தி அசைக்கிறார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் எப்போதும் ஒரே சிறுமிதான் நிற்கிறாள். அந்தச் சிறுமி காய்ச்சலில் வராவிட்டால், யார் அந்த இடத்தில் நிற்பார் என்பது முதல்நாள் இரவே எங்களுக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் இந்தச் செய்திக்கு நான் தரும் மதிப்பு, கூடத்தின் சுவரில் தொங்கும் எந்தக் கோப்பைக்கும் தருவதைவிட அதிகம்.

போட்டி நாள்தான் உண்மையான சோதனை. வால்ட் (ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவுவது), பார் (கம்பி), பீம், தரை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே அரங்கில் நடக்கும். தரையில் ஆடும் ஒரு சிறுமியின் இசை, பீமில் நிற்கும் இன்னொருத்தியின் காதில்தான் விழும். கூடவே ஒலிபெருக்கி அறிவிப்பு, பெற்றோர் கூச்சல். பீமிலிருந்து ஒருமுறை விழுந்தால் அரை மதிப்பெண் குறையும் என்பது அவளுக்குத் தெரியும், அதுபற்றி அவள் கவலைப்படுவதில்லை. அறிவிக்காமல் வரிசை மாறுவதுதான் அவளை உடைக்கும். ஆகவே எங்கள் கூடம் முதல்நாளே எந்தக் கருவியில் தொடக்கம், அடுத்தது எது, எத்தனையாவது ஆளாக அவள் வருவாள் என்பதை ஓர் அட்டையில் எழுதித் தருகிறது. அவள் அதை உடைப் பையின் மேலறையில் வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு கருவி முடிந்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுவாள்.

ஒரு போட்டியில் இது அத்தனையும் வீணாயிற்று. நடத்தியவர்களுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுதியும் பதில் வரவில்லை. அரங்கில் போய் நின்றபோது சுழற்சி வரிசை மாற்றப்பட்டிருந்தது, எங்கள் குழுவின் இருக்கை ஒலிபெருக்கியின் நேர் எதிரே இருந்தது. அணிவகுப்பிலேயே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூத்த சிறுமியர் இருவர் அவளோடு பேசாமல், தூக்கவும் முயலாமல், அவளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே முதுகைக் காட்டி நின்றார்கள். பயிற்சியாளர் பழைய அட்டையைக் கிழிக்காமல், புதிய வரிசையை அதன் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அன்று அவள் நான்கில் இரண்டு கருவிகளில் மட்டும் போட்டியிட்டாள். திரும்பும் வழியில் வேனில் யாரும் அவளைத் தேற்றவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

கூடத்தின் மீது குறையே இல்லையா என்றால், உண்டு. பதிலி ஆசிரியர் வரும் நாட்களில் இந்த ஏற்பாடுகள் எதுவும் அவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. இரண்டு முறை எண்ணாமலே இடுப்பைப் பிடித்து, இரண்டு முறையும் வகுப்பு அத்தோடு முடிந்தது. இந்த ஏற்பாடுகளை எழுதிய ஒரு பக்கத்தை அலுவலக அறையில் ஒட்டுவதாகச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. போட்டி உடை அடுத்த தலைவலி: மினுமினுக்கும் கற்கள் பதித்த முழுக்கை லியோடார்ட்டின் (உடலை ஒட்டிய போட்டி உடை) உள்தையல் அவள் தோளை அரித்ததால், உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்க நாங்களே தையற்காரரைத் தேடினோம். செலவும் குறைவில்லை. வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரத்துக்கு மாதம் 215 டாலர். போட்டிக் கட்டணம், உடை, உறுப்பினர் கட்டணம் எல்லாம் தனி. சேரும்போதே மொத்தத்தையும் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்க 2017இல் தொடங்கப்பட்ட அமெரிக்க சேஃப்ஸ்போர்ட் மையத்தின் விதிகளின்படி, பயிற்சியாளர் ஒரு சிறாருடன் தனித்திருக்கும் நேரம் பிறர் பார்க்கக்கூடியதாகவும், குறுக்கிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நடந்ததை வீட்டில் வந்து கோவையாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். எங்கள் கூடத்தில் பிள்ளைகள் இரைச்சலிலிருந்து ஒதுங்கியிருக்கும் அமைதி அறைக்குக் கதவு இல்லை, பாதிச் சுவர்தான். முதல் நாளில் அதைக் கட்டி முடிக்காத வேலை என்று நினைத்தேன்.

சோதனை வகுப்புக்குச் செல்வோர் சனிக்கிழமையைத் தவிர்த்து, வாரநாளில் மாலை நான்கு மணி வகுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது; சனிக்கிழமைகளில் பக்கத்துப் பகுதியில் பிறந்தநாள் விழாக்கள் நடக்கும். பிடி வழுக்காமலிருக்கப் பூசும் சுண்ணப்பொடியைக் கையில் பூசிப் பார்க்க முதல் நாளே அனுமதி கேளுங்கள், சில பிள்ளைகளுக்கு அந்த வறட்டுத்தன்மையே போதும் ஓட வைக்க.

அடுத்த பருவத்துக்கான பதிவை முடித்துவிட்டோம். குழுவில் நால்வர் தங்கப் பிரிவுக்குப் போகிறார்கள். மகள் வெள்ளியிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டாள், பயிற்சியாளரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கும் சிறுமியும் தங்கத்துக்குப் போகிறவர்களில் ஒருத்தி. அந்த இடத்துக்கு வரப்போகிறவர் பெயரை ஆகஸ்டுக்குள் தெரிவிப்பதாகக் கூடத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். நாட்காட்டியில் மகள் ஆகஸ்ட் 1ஐ வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.