யார் யாரை எதிர்கொண்டார்: 2006 ரோஸ் பவுலின் ஆட்டக்காரர் இணைகள்

2006 ஜனவரி 4 அன்று, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள ரோஸ் பவுல் அரங்கில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்துக்காகத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் (யுஎஸ்சி) ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் மோதின. பருவம் தொடங்கும் முன்பே தரவரிசையில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்திருந்த இந்த அணிகள், 12 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் அந்த மாலைக்கு வந்து சேர்ந்தன. யுஎஸ்சி தொடர்ந்து 34 ஆட்டங்களிலும் டெக்சஸ் தொடர்ந்து 19 ஆட்டங்களிலும் வென்றிருந்தன. இரண்டுமே ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 புள்ளிகள் குவித்து வந்தன. ஆட்டத்துக்கு முந்தைய ஒப்பீடுகளில் பெரும்பாலானவை யுஎஸ்சியின் பக்கமே சாய்ந்தன; எக்காலத்திலும் சிறந்த கல்லூரி அணி இதுதானா என்ற விவாதம்கூட ஆட்டம் நடப்பதற்கு முன்பே எழுந்திருந்தது.

அந்த ஒப்பீடுகளின் அடிப்படை எளிமையானது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 2004-இல் வென்ற குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) மேட் லைனார்ட்டும், 2005-இல் வென்ற ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ரெஜி புஷ்ஷும் யுஎஸ்சியில் இருந்தார்கள். 2005-இல் இரண்டாம் இடம் பெற்ற குவாட்டர்பேக் வின்ஸ் யங் டெக்சஸில் இருந்தார். ஆகவே லைனார்ட்டுக்கு எதிரே யங்கை நிறுத்தி, புஷ்ஷுக்கு எதிரே டெக்சஸின் ரன்னிங் பேக்குகளை நிறுத்தி, ஒவ்வொரு வரிசையிலும் யார் மேல் என்று குறித்தால் முடிவு கிடைத்துவிடும் என்று பலர் கருதினார்கள். இந்த முறையில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் 11 பேர் வேறு, தடுக்கும் 11 பேர் வேறு. லைனார்ட் களத்தில் இருக்கும்போது யங் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். கிரிக்கெட்டில் இரு அணிகளின் தொடக்க மட்டையாளர்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, அவர்கள் எந்தப் பந்துவீச்சாளரின் புதுப்பந்தைச் சந்திக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த அலசல் எவ்வளவு தூரம் போகும்? களத்தில் உண்மையில் எதிரெதிரே நிற்கப் போகிறவர்களைத்தான் இணைசேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த முறையில், அன்று மாலைக்கு முன் தெரிந்திருந்தவற்றை முதலில் வைத்து, பிறகு நடந்ததோடு ஒத்துப்பார்க்கிறேன்.

முதலாவதும் மிகக் கனமானதுமான இணை, வின்ஸ் யங்குக்கும் யுஎஸ்சியின் ஓரத் தடுப்பாளர்களுக்கும் இடையிலானது. ஆறடி ஐந்து அங்குல உயரமும், அந்த உயரத்துக்குப் பொருந்தாத வேகமும் கொண்ட யங்குக்காக, டெக்சஸின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கிரெக் டேவிஸ் கையாண்ட ஆட்டமுறையின் மையம் "ஜோன் ரீட்" என்பதாகும். குவாட்டர்பேக் சில கெஜம் பின்னால் நின்று பந்தை வாங்குகிறார். பக்கத்தில் ரன்னிங் பேக் நிற்கிறார். முன்வரிசையினர் எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒருவர் ரன்னிங் பேக்கை விரட்டி உள்ளே ஓடினால், யங் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவர் காலிசெய்த இடத்தின் வழியாக ஓடுவார். அவர் இருந்த இடத்திலேயே நின்றால், பந்து ரன்னிங் பேக்கின் கைக்குப் போகும். மறிக்காமலேயே ஒரு தடுப்பாளரைச் செயலற்றவராக்கிவிடுவதால், மிச்சமுள்ள இடங்களில் டெக்சஸுக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கிறார். ஜஸ்டின் பிளேலாக், ஜோனதன் ஸ்காட் போன்ற பெரும் உடல்வலு கொண்டவர்கள் அந்த முன்வரிசையில் இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிரே யுஎஸ்சியின் ஓரத்தில் ஃப்ராஸ்டி ரக்கரும் லாரன்ஸ் ஜாக்சனும், அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் அடுக்கில் தடுக்கும் லைன்பேக்கர் கீத் ரிவர்ஸும், கடைசி அரணாக நிற்கும் சேஃப்டி டார்னெல் பிங்கும் நின்றார்கள். திறமையில் எவரும் குறைந்தவர் அல்லர். ஆனால் முந்தைய பருவத்தில் பட்டம் வென்ற தடுப்பணியின் முதுகெலும்பாக இருந்த மைக் பேட்டர்சன், ஷான் கோடி, லோஃபா டாட்டுப்பு ஆகிய மூவரும் 2005-இல் தொழில்முறை அணிகளுக்குச் சென்றுவிட்டார்கள். அந்த இழப்பு வெறும் ஊகம் அன்று. நோட்டர் டேம் அணியிடம் 31 புள்ளிகளும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அணியிடம் 42 புள்ளிகளும் விட்டுக்கொடுத்த பிறகுதான் யுஎஸ்சி அந்த இரு ஆட்டங்களையும் வென்றது. அதோடு, இதே அரங்கில் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 2005 ஜனவரி 1 அன்று, மிச்சிகன் அணிக்கு எதிராக யங் 192 கெஜம் ஓடி, தன் கால்களாலேயே 4 டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைப்பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தல்; ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள்) எடுத்து, 38-37 என்று வென்று காட்டியிருந்தார். இந்த இணையில் டெக்சஸ் தெளிவாக மேலே நிற்கிறது என்று ஆட்டத்துக்கு முன்பே துணிந்து எழுதியிருக்கலாம். யுஎஸ்சியை ஆதரித்தவர்கள் இதற்கு மறுமொழியாக ஒரு சங்கிலிக் கணக்கைச் சொன்னார்கள்: 2004-இல் டெக்சஸை 12-0 என்று வீழ்த்திய ஓக்லஹோமாவை, அடுத்த ஜனவரியில் யுஎஸ்சி 55-19 என்று நொறுக்கியது. ஆனால் 2005-இல் அதே ஓக்லஹோமாவை டெக்சஸ் 45-12 என்று வென்றது. ஓராண்டில் ஆட்கள் மாறுகிறார்கள், இருப்பவர்களும் வளர்கிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் சங்கிலிக் கணக்கு விரைவில் அறுந்துவிடும்.

இரண்டாவது இணை, லைனார்ட்டின் எறிதல்களுக்கும் டெக்சஸின் பின்தடுப்பு வரிசைக்கும் இடையிலானது. தொடக்க குவாட்டர்பேக்காக 37 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் பெற்றிருந்த லைனார்ட்டின் பலம், எறியும் வேகத்தைவிட, எங்கே எறிய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யும் தெளிவில்தான் இருந்தது. அவருடைய எறிதல்களைப் பிடிப்பவராக ஆறடி ஐந்து அங்குல உயரமுள்ள ட்வெய்ன் ஜாரெட் கிடைத்திருந்தார். நோட்டர் டேமுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில், நான்காம் முயற்சியில் (10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகளே உண்டு; தவறினால் பந்து எதிரணிக்குப் போகும்) 9 கெஜம் தேவைப்பட்டபோது, அவரிடம் எறிந்து 61 கெஜம் முன்னேறிய எறிதல்தான் யுஎஸ்சியின் தொடர் வெற்றியைக் காப்பாற்றியது. மறுபுறம் டெக்சஸின் பின்வரிசையில் மைக்கேல் ஹஃப், மைக்கேல் கிரிஃபின், செட்ரிக் கிரிஃபின், ஏரன் ராஸ், டாரெல் பிரவுன் ஆகியோர் இருந்தார்கள். இவர்களில் ஹஃப் அந்த ஆண்டின் சிறந்த பின்தடுப்பாளருக்கான ஜிம் தார்ப் விருதைப் பெற்றவர். இப்படியொரு பின்வரிசையை லைனார்ட் அந்தப் பருவத்தில் அதற்கு முன் சந்தித்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் உயரம் என்பது பயிற்சியால் ஈடுகட்ட முடியாத ஒன்று. ஜாரெட்டை முழுவதுமாக அடக்க வேண்டுமானால் எறிபவரை நிலைகுலையச் செய்ய வேண்டும். லைனார்ட் இடக்கையர் என்பதால் அவருடைய பார்வை படாத பக்கம் வலப்பக்கம். அங்கே வின்ஸ்டன் ஜஸ்டிஸ் காவல் நின்றார். டெக்சஸின் பிரையன் ராபிசனும் டிம் கிரவுடரும் அவ்வளவு எளிதாக அவரைத் தாண்டியிருக்க முடியாது. இந்த இணையை யுஎஸ்சிக்குச் சிறு மேன்மை என்றுதான் குறிக்க வேண்டும்.

ரெஜி புஷ்ஷைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அவர் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு எதிராக எல்லா வகையிலும் சேர்த்து எடுத்த 513 கெஜத்தைச் சொன்னார்கள். திறந்தவெளியில் அவருக்கு ஈடானவர் அன்று எவரும் இல்லை. ஆனால் டெக்சஸின் தடுப்பு ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரான ஜீன் சிசிக் அந்தத் திறந்தவெளியைத்தான் அவருக்குத் தரமாட்டார் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. 2004-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் தடுப்பணியை 13 ஆட்டங்களிலும் தோல்வியின்றி நடத்திவிட்டு டெக்சஸுக்கு வந்தவர் அவர். ஹஃப்பையும் மைக்கேல் கிரிஃபினையும் போல விரைந்து வந்து தடுக்கக்கூடிய இரண்டு பேர் அவரிடம் இருந்தார்கள். புஷ்ஷை நிறுத்த முடியாது, அளவுக்குள் வைத்திருக்கலாம் என்பதுதான் நேர்மையான கணிப்பாக இருந்திருக்கும்.

அந்தக் கணிப்புகளில் போதிய இடம் பெறாத இணை ஒன்று உண்டு. புஷ்ஷின் புகழுக்குப் பின்னால் மறைந்துபோன லெண்டேல் வைட், குறுகிய தூரத்தில் உடல்வலுவால் இடித்துக்கொண்டு முன்னேறுபவர். அந்தப் பருவத்தில் ரோஸ் பவுலையும் சேர்த்து 24 டச்டவுன்களை ஓடி எடுத்தவர். அவர் டெக்சஸின் நடு அரணைச் சந்திக்க வேண்டியிருந்தது. அங்கே ரோட்ரிக் ரைட்டும் ஃபிராங்க் ஓகாமும் நின்றார்கள். ஒரு கெஜம், இரண்டு கெஜம் தேவைப்படும் நேரத்தில் புஷ்ஷின் வேகத்துக்கு வேலையில்லை. ரயன் கலீல், டைடுசி லுட்டுய் முதலியோர் அடங்கிய யுஎஸ்சி முன்வரிசை ஒரு கெஜம் தள்ளுகிறதா, தள்ளப்படுகிறதா என்பதே கேள்வி. பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகின்றன என்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆட்டத்துக்கு முன் இதைச் சமநிலை என்று குறிப்பதே சரியாக இருந்திருக்கும்.

உதைப்பவர்களின் இணையில் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்றுநர்களில் யுஎஸ்சியின் பீட் கேரல் துணிந்தவர், டெக்சஸின் மேக் பிரவுன் நிதானமானவர் என்பதற்கு மேல் அங்கே எழுத அதிகம் இல்லை.

இனி நடந்ததைப் பார்ப்போம். லைனார்ட் 40 எறிதல்களில் 29-ஐச் சேர்ப்பித்து 365 கெஜம் எடுத்தார்; ஜாரெட் 10 பந்துகளைப் பிடித்து 121 கெஜமும் ஒரு டச்டவுனும் எடுத்தார். அந்த இணையில் யுஎஸ்சிக்குக் கொடுத்த மேன்மை சரியாக இருந்தது, ஆனாலும் டெக்சஸின் எல்லைப்பகுதிக்குள் லைனார்ட் எறிந்த ஒரு பந்தை மைக்கேல் கிரிஃபின் பறித்தார். புஷ் 13 ஓட்டங்களில் 82 கெஜம் எடுத்ததோடு 26 கெஜ டச்டவுன் ஒன்றையும் அடித்தார். அளவுக்குள்தான் இருந்தார் என்று சொல்லலாம். அவருடைய மாலையை நினைவில் நிறுத்துவது வேறொன்று: இரண்டாம் காற்பகுதியில் நீண்ட முன்னேற்றம் ஒன்றின் முடிவில், பிடிபடும் தருணத்தில் பந்தைச் சக ஆட்டக்காரரிடம் பக்கவாட்டில் எறிய முயன்றார், அது தரையில் விழுந்து டெக்சஸின் கைக்குப் போனது. எவரும் கணிப்பில் கவனிக்காத டெக்சஸின் டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) டேவிட் தாமஸ் 10 பந்துகளைப் பிடித்து 88 கெஜம் எடுத்தார். யங்கின் ஓட்டத்தை அடைப்பதற்காக லைன்பேக்கர்கள் முன்னேறும்போது அவர்களுக்குப் பின்னால் உருவாகும் வெற்றிடம் யாருக்குப் பயன்படும் என்று யோசித்திருந்தால் அவர் பெயர் முன்பே எழுதப்பட்டிருக்கும். முதல் இணையின் நிழலாகப் பிறந்த இணை அது.

லெண்டேல் வைட்டின் கணக்குதான் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. 20 ஓட்டங்களில் 124 கெஜம், 3 டச்டவுன்கள் எடுத்தார். அதாவது ஓட்டத்துக்கு ஆறு கெஜத்துக்கும் மேல். பெயரளவில் அவர் அந்த இணையை வென்றுவிட்டார். ஆனால் முதல் பாதியில் நான்காம் முயற்சியில் ஒரு கெஜத்துக்காக லைனார்ட் நடுவில் நுழைய முயன்றபோது டெக்சஸின் அரண் அசையவில்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருக்கையில், 38-33 என்று முன்னிலையில் இருந்த யுஎஸ்சி, டெக்சஸின் 45-ஆம் கெஜக் கோட்டில் நான்காம் முயற்சியில் 2 கெஜத்துக்காக வைட்டை நம்பியது. புஷ் வெளியே நின்றுகொண்டிருந்தார். ஹஃப் உள்ளிட்ட தடுப்பாளர்கள் முன்னேறி வந்து வைட்டை இலக்குக்குச் சற்று முன்பே நிறுத்தினார்கள். சராசரி கெஜம் ஒன்றைச் சொல்கிறது, தேவைப்பட்ட அந்த இரு கெஜம் இன்னொன்றைச் சொல்கிறது. நல்ல ஒப்பீடு இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

கேரல் அங்கே பந்தை உதைத்து டெக்சஸின் பக்கம் தொலைவுக்கு அனுப்பியிருக்கலாம் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவரைக் குறைசொல்ல மாட்டேன். முதல் இணையில் தன் ஓரத் தடுப்பாளர்கள் தோற்றுக்கொண்டிருப்பதை அவர் மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்; யங்கின் கைக்குப் பந்து திரும்பவே கூடாது என்பதற்காகத்தான் அந்த 2 கெஜத்தைக் கேட்டார். அது கிடைக்காமல் போனதால் யங்குக்கு 56 கெஜமே மிச்சமிருந்தது. 19 விநாடிகள் மீதமிருக்கையில், நான்காம் முயற்சியில் 5 கெஜம் தேவைப்பட்ட நிலையில், எறிய இடம் தேடிய யங், கிடைக்காதபோது வலது ஓரத்தை நோக்கி ஓடி, எவர் கையும் படாமல் 8 கெஜத்தைக் கடந்து எல்லைக்குள் நுழைந்தார். டச்டவுனைத் தொடர்ந்து கிடைக்கும் கூடுதல் வாய்ப்பான இரு புள்ளி முயற்சியிலும் அவரே ஓடிச் சேர்ந்தார். டெக்சஸ் 41-38 என்று வென்றபோது, யங் எறிந்து 267 கெஜமும் ஓடி 200 கெஜமும் எடுத்திருந்தார். அந்த 200 கெஜமும் 19 ஓட்டங்களில் வந்தவை.