கிக்கர் இல்லாத ஜாவாவுடன் ஆறு ஆண்டுகள்

350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த 2025 செப்டம்பரில், "இப்போது ஜாவா வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2019இல் வாங்கிய அரக்கு நிற ஜாவாவை மைசூரில் இன்றளவும் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றி எனக்கு நல்ல சொற்கள் மட்டுமே உள்ளன. 293 சிசி, 27 குதிரைத்திறன். ரேடியேட்டர் வைத்துக் குளிர்விக்கப்படும் எஞ்சின் என்றாலும், காற்றால் குளிர்ந்த பழைய வண்டியின் சாயல் கெடாதிருக்க வெளிப்புறத்தில் பட்டை பட்டையாக வார்த்திருக்கிறார்கள். ஒற்றை சிலிண்டருக்கு இருபுறமும் இரண்டு சைலன்சர் என்பதையும் அழகுக்காக மட்டும் ஒட்டிவைக்காமல், பழைய ஜாவாவைப் போலவே இரண்டிலும் புகை வரும்படி செய்திருக்கிறார்கள். சாமுண்டி மலை ஏறும்போது வளைவுகளில் அது இழுக்கும் விதம், ஆறு ஆண்டுகள் கழித்தும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

மனம் ஆறாதது ஒன்றே ஒன்று: கிக்கர் இல்லை.

மைசூரின் யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961 முதல் 1996 வரை வண்டிகள் உருவாயின. பிற்காலத்தில் அவை எஸ்டி என்ற பெயரில் வந்தன. அப்பாவிடம் இருந்தது அதற்கு முந்தைய ஜாவா. காலையில் பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் சிறு குமிழைப் பெட்ரோல் கசியும்வரை விரலால் அழுத்துவார். பிறகு இடப்புறத்துக் கியர் லீவரை உள்ளே அழுத்திப் பின்னோக்கி நிமிர்த்துவார், அதுவே கிக்கராகிவிடும். இரண்டு உதை, நீலப் புகை, அப்புறம் அதே லீவரை முன்னால் சாய்த்து முதல் கியர். ஒரே லீவர் இரண்டு வேலை செய்ததுதான் ஜாவாவை மற்ற வண்டிகளிலிருந்து பிரித்துக் காட்டியது.

சென்ற மழைக்காலத்தில் மூன்று வாரம் வெளியூர் போயிருந்தேன். இணைப்பைக் கழற்றாமல் போனதால் பேட்டரி இறங்கிவிட்டது. தவறு என்னுடையது. எரிபொருளைப் பீய்ச்சுவதற்கே மின்சாரம் வேண்டிய எஞ்சினில், அடியோடு இறங்கிய பேட்டரிக்குக் கிக்கர் இருந்தாலும் உதவியிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே என் வருத்தம் வசதி பற்றியதல்ல. 2018 நவம்பரில் மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் இந்தப் பெயரை மீட்டு, மத்தியப் பிரதேசத்தின் பிதம்பூரில் வண்டி செய்யத் தொடங்கியபோது, டேங்கின் வளைவையும் சைலன்சரின் வடிவத்தையும் அத்தனை கவனத்தோடு திருப்பிக் கொண்டுவந்தவர்கள், காலுக்குப் பழகிய அந்த அசைவை விட்டுவிட்டார்களே என்பதுதான்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று கேட்டார். நியாயமில்லைதான். ஆனால் அன்று காலையில்தான், எண்பதைக் கடந்த அப்பா வாசலில் நின்ற என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலால் அந்த லீவரைத் தேடினார்.