ஸ்டெயர் ஸ்கவுட்: சுமப்பவரை மனத்தில் வைத்து உருவான ரைஃபிள்

தனியாகக் காட்டுக்குள் செல்லும் ஒருவர் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் ஸ்கவுட் ரைஃபிள். அமெரிக்க மரைன் படையின் முன்னாள் அதிகாரியான ஜெஃப் கூப்பர், அரிசோனாவில் தாம் நிறுவிய கன்சைட் பயிற்சி மையத்தில் 1983-இல் துப்பாக்கி வல்லுநர்களைக் கூட்டி, எடை 3 கிலோவை ஒட்டியும் நீளம் 1 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும், .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுட வேண்டும் என்பன போன்ற வரையறைகளை வகுத்தார். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் மான்லிக்கர் நிறுவனம் அவருடைய ஆலோசனையைப் பெற்று 1990-களின் இறுதியில் வெளியிட்ட ஸ்டெயர் ஸ்கவுட்டை அந்த வரையறைகளின் மிக நெருங்கிய வடிவம் என்று சொல்லலாம்.

இந்த ரைஃபிளின் சிறப்பு சுடும் நேரத்தைவிடச் சுடாமல் நடக்கும் நேரத்தில்தான் தெரிகிறது. பாலிமர் கட்டையும், எடையைக் குறைக்க நெடுகப் பள்ளங்கள் கடையப்பட்ட குட்டைக் குழலும் சேர்ந்து, புதருக்குள் நுழையும்போதும் வாகனத்திலிருந்து இறங்கும்போதும் எங்கும் இடிக்காத நீளத்தைத் தருகின்றன. ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கி முன்னால் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், துப்பாக்கியின் எடை சமனாக நிற்கும் நடுப்பகுதி வெறுமையாக இருக்கிறது. அங்கே ஒரு கையால் சுற்றிப் பிடித்தபடி மணிக்கணக்கில் நடக்கலாம்.

அந்த ஸ்கோப்பைப் பற்றித்தான் விவாதம் அதிகம். வழக்கமான ஸ்கோப் கண்ணுக்கு மிக அருகில் இருக்கும்; இதில் 2.5 மடங்கு மட்டுமே பெரிதாக்கும் ஸ்கோப் கண்ணிலிருந்து 20 செ.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. இரண்டு கண்களையும் திறந்து வைத்தே குறிபார்க்கலாம் என்பதால், நகரும் விலங்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒருசேரக் காண முடிகிறது. பின்னுதையில் ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும் அபாயமும் இல்லை. ஆனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருக்கும்போது கண்பக்க லென்ஸில் வெளிச்சம் விழுந்து காட்சி மங்கிவிடுகிறது. ஸ்கோப்பின் வழியே தெரியும் பரப்பும் குறுகலானது. அந்தி நேரத்தில் வேட்டையாடுபவருக்கு இவை சிறிய குறைகள் அல்ல.

தோட்டாக்களை வைக்கும் பெட்டியான மேகசினின் அமைப்பில் வடிவமைப்பாளர்களின் நுணுக்கம் தெரிகிறது. ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் மேகசினை முழுவதும் அழுத்தினால், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உருளையான போல்ட் அதிலிருந்து தோட்டாவை எடுக்கும். ஒரு படி கீழே இறக்கி நிறுத்தினால் போல்ட் அதன் மேலாகச் சென்றுவிடும், அப்போது தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் இட்டுச் சுட்டுக்கொண்டே மேகசினை முழுமையாகச் சேமித்து வைக்கலாம். மற்றொரு மேகசின் தோள்கட்டைக்குள்ளேயே செருகி வைக்கப்பட்டிருக்கிறது. முன்கட்டையின் அடிப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருகால் தாங்கியாக விரிவது அழகான யோசனைதான் என்றாலும், கால்கள் மெலிந்தவை. படுத்துச் சுடுவதற்குக் கைகொடுக்கும், அவற்றின் மேல் முழு எடையையும் சாய்க்க எனக்கு மனம் வராது. பாதுகாப்பு விசை பெருவிரலுக்கு நேராக உருளும் சக்கரமாக அமைந்திருப்பது இருட்டிலும் வசதியானது.

எடை குறைவுக்கு விலை உண்டு. .308 தோட்டாவின் உதை இத்தனை இலகுவான துப்பாக்கியில் நன்றாகவே உறைக்கும். ஒரே அமர்வில் நிறையச் சுட்டுப் பயிற்சி எடுக்க விரும்புபவருக்கு இது ஏற்றதல்ல.

ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்க அவசரத்துக்கென வைத்திருக்கும் மடக்குக் குறிமுள்கள் சிறியவை. இந்த விஷயத்தில் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கன்சைட் ஸ்கவுட் ரைஃபிள் முந்துகிறது: பாதுகாப்புச் சிறகுகள் கொண்ட முன்குறியும் பெரிய துளையுடைய பின்குறியும் அதில் நிலையாகவே பொருத்தப்பட்டிருக்கின்றன, மேகசினும் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் அதன் முதல் வடிவம் ஸ்கோப் இல்லாமலேயே 3 கிலோவைத் தாண்டிவிடுகிறது. நடப்பதே பெரும்பகுதி வேலை என்றால் என் தேர்வு ஸ்டெயர்தான். மங்கிய வெளிச்சத்தில் சுட வேண்டியவர்கள், அதன் மேற்புறத்தில் ஸ்கோப்பைப் பொருத்துவதற்கான நீள்தண்டிலேயே வழக்கமான சிறு ஸ்கோப் ஒன்றைக் கண்ணருகே பொருத்திக்கொள்ளலாம். நடுப்பகுதியைப் பிடித்து நடக்கும் வசதி அப்போது போய்விடும்.