பீர் காய்ச்சும் எலிமெண்ட்: குழாய்க்கு முன்னால் தலையைப் பாருங்கள்

வீட்டில் மின்சாரத்தில் பீர் காய்ச்ச எலிமெண்ட் (பானைக்குள் திருகி வைக்கும் சூடேற்றும் மின்குழாய்) வாங்கும்போது, குழாய் எந்த உலோகம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பல வருடம் காய்ச்சிய பிறகு என் கருத்து வேறு. பானையில் திருகும் தலைப்பகுதியை முதலில் பாருங்கள். நான் பார்த்த துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில். கேட், ஜன்னல் கம்பி என்று இரும்பு எதையும் கடற்காற்று விட்டுவைக்காத ஊர். ஆரம்பத்தில் என் பானையில் இருந்தது கீசர் எலிமெண்ட், செம்புக் குழாய்க்கு மேல் வெள்ளீயப் பூச்சு போட்டது. கீசருக்குள் அது எப்போதும் தண்ணீரில் மூழ்கியே இருக்கும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள மெக்னீசியம் கம்பி ஒன்றும் உள்ளே தொங்கும். பீர்ப் பானையில் நிலைமை வேறு. கொதிக்கும் மால்ட் (முளைகட்டிய தானிய) சாற்றின் பி.எச். 5.2, 5.4 என்று புளிப்புப் பக்கம் நிற்கும். காய்ச்சி முடித்ததும் எலிமெண்ட் ஈரத்தோடு காற்றில் கிடக்கும். புளி ஊற்றிச் சமைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எதற்கு என்று நம் வீடுகளில் தெரியும். பூச்சு தேய்ந்தால் களிம்புதான். என் கீசர் எலிமெண்டிலும் அதுவே நடந்தது.

அடுத்து வந்தது இன்கோலாய் 800 என்ற உலோகக் கலவைக் குழாய். இதில் நிக்கல் 30 முதல் 35 சதவீதம், குரோமியம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாதாரண 304 ஸ்டெயின்லெஸ்ஸில் நிக்கல் 8 சதவீதத்தைச் சுற்றித்தான். அந்த வித்தியாசம் வருடக்கணக்கில் தெரிகிறது. குழாயில் இன்றுவரை ஒரு புள்ளிகூட விழவில்லை. புதிதாக வாங்கும்போதே கரும்பச்சையாக இருக்கும், அதைத் துரு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள், அது காப்புப் படலம்.

ஆனால் அதன் தலை துத்தநாகம் பூசிய இரும்பு! புளிப்புச் சாறு துத்தநாகத்தைக் கரைத்துவிடும். பிறகு வெளியே வரும் இரும்பு ஸ்டெயின்லெஸ் பானையைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நிற்கிறது. இரண்டு உலோகம், நடுவே மின்கடத்தும் திரவம்: இரண்டில் எளிதில் கரையும் உலோகம்தான் அரிபடும். வாஷருக்கு அடியில் பழுப்பு வளையம் விழ அதிக நாள் ஆகவில்லை. அந்த இரும்பு பீரின் சுவையிலும் உலோக வாடையாக வந்தது. இப்போது இருப்பது தலையும் ஸ்டெயின்லெஸ்ஸாக உள்ள இன்கோலாய் எலிமெண்ட். எனக்கு இதில் குறையே இல்லை.

வாட் அடர்த்தியையும், அதாவது குழாயின் மேற்பரப்பில் ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை வாட் என்பதையும், விடாமல் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 150 வாட் உள்ள குட்டையான எலிமெண்டில் சாறு அடிப்பிடிக்கும். கருகிய வாடை ஒரு பக்கம், அந்தப் படிவத்துக்கு அடியில் தொடங்கும் அரிப்பு இன்னொரு பக்கம். மடித்து மடித்து நீளமாகச் செய்த 50 வாட் வகை அவ்வளவாகக் கருக்காது. இன்னொன்று, அமெரிக்க எலிமெண்டில் 240 வோல்ட்டுக்கு 4500 வாட் என்று போட்டிருந்தால், நம் 230 வோல்ட்டில் அது 4130 வாட் அளவு, கிட்டத்தட்ட 18 ஆம்பியர். நம் பிளக் 16 ஆம்பியர்தான். தனி லைன் போட முடியாதவர்கள் 3000 வாட்டோடு நில்லுங்கள். 25 லிட்டர் தண்ணீர் அறைச் சூட்டிலிருந்து கொதிக்க முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான்.

எலிமெண்டைக் கெடுப்பது காய்ச்சும் நாளைவிட சும்மா கிடக்கும் நாள்தான். புரட்டாசி விரத மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் பானை ஏறாது. அதற்கு முன் சோடியம் பெர்கார்பனேட்டில் ஊறவைத்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் அலசி, கழற்றித் துடைத்துக் காயவைத்துவிடுவேன். பிளீச் வேண்டவே வேண்டாம், குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸில் குழி பறிக்கும். இரும்பு நாரும் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

டர்பன் ஈரக்காற்று இன்னொரு தொல்லையும் தரும். குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை இழுத்துக்கொண்டால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழும். ஈரம்தான் காரணம் என்றால், கழற்றி ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை நீக்கிவிட்டு மிதமான ஓவன் சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறமும் விழுந்தால் குழாயில் ஓட்டை என்று வைத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள். எர்த் லீக்கேஜைத் துண்டித்துவிட்டுக் காய்ச்சுவது உயிரோடு விளையாடுவது.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். தலையில் வைத்ததும் பலமாக ஒட்டினால் அது பூச்சுப் போட்ட இரும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அட்டையில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தாலும் அதை வாங்காதீர்கள்.