ஹனோய் – டா நாங் இரவு ரயில்: கீழ் பெர்த் கிடைத்தால் விடாதீர்கள்

வியட்நாமில், ஹனோயிலிருந்து டா நாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ரயிலில் எனக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட வருவதாக இருந்த தோழி கடைசி நேரத்தில் விமானத்துக்கு மாறிக்கொண்டாள். அவள் கடலில் குளித்து, தூங்கி எழுந்து, மறுபடி குளித்த பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். ஆனாலும் அடுத்த முறையும் எனக்கு ரயில்தான்.

முதலில் நான் சொதப்பிய கதை. ஹனோய் நிலையத்துக்கு இரண்டு வாசல்கள். தெற்கே போகும் வண்டிகளுக்கு முன்வாசல். வரைபடத்தில் நான் குறித்த இடமோ பின்வாசல். பைக் டாக்சிக்காரர் நான் சொன்ன இடத்தில் சரியாக இறக்கிவிட்டுப் போய்விட்டார். பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றி ஓடி, வண்டி ஏறும்போது மூச்சு வாங்கியது.

டிக்கெட்டிலும் கோட்டை விட்டேன். நிலையத்திலேயே வாங்கியிருக்கலாம், சோம்பல்பட்டு ஓர் இடைத்தரகு இணையதளத்தில் எடுத்தேன். கமிஷனும் போய், கேட்ட கீழ் பெர்த்தும் கிடைக்கவில்லை. அறைக்கு நான்கு பேர் உள்ள சாஃப்ட் ஸ்லீப்பர் அது. ஆறு பேர் அறையான ஹார்டு ஸ்லீப்பர் இன்னும் மலிவு. மெத்தை, போர்வை, ஏசி எல்லாம் போதுமானதுதான். ஆனால் மேல் பெர்த்தில் படுத்தால் ஜன்னலின் மேல் விளிம்புதான் தெரியும். வண்டி நன்றாகவே ஆடும். மீட்டர் கேஜ் பாதை, வளைவுகளும் அதிகம். தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது.

இந்தப் பாதை முழுதாக முடிந்தது 1936-ல். 1954-ல் நாடு இரண்டானபோது இதுவும் அறுந்து, 1976 டிசம்பர் 31 அன்றுதான் ஹனோய்க்கும் தெற்கே உள்ள சைகோனுக்கும் (இன்றைய ஹோ சி மின் நகரம்) இடையே மறுபடி ரயில் ஓடியது. என் கீழ் பெர்த்தில் இருந்த பாட்டிக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அதைப் பற்றியெல்லாம் அவரிடம் கேட்க ஆசைதான், மொழி இல்லையே. காலையில் அவரே தன் பெர்த்தைத் தட்டிக் காட்டி என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். பம்பளிமாஸ் பழத்தை உரித்து, மிளகாய் உப்பில் தொட்டுச் சாப்பிடும்படி சைகை செய்தார். பல் துலக்காத வாய்க்கு அது கொஞ்சம் அதிகம்தான். இருந்தும் நான்கு சுளை உள்ளே போனது.

அப்புறம் காபி தள்ளுவண்டி வந்தது. 20,000 டாங் நோட்டு என்று நினைத்து 5,00,000 டாங் நோட்டை நீட்டிவிட்டேன். இரண்டுமே நீல நிறம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். அரைத்தூக்கத்தில் யாருக்குத்தான் தெரியும்? காபி விற்ற பெண் நோட்டை என் முன்னால் பிடித்து, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிக் காட்டித் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து பெரிய நோட்டுகளைத் தனிப் பையில்தான் வைக்கிறேன்.

டா நாங்குக்கு முன்னால் வரும் ஹுவே நகரத்தில் பாதிப் பெட்டி காலியானது. நிஜமான பயணம் அங்கேதான் ஆரம்பம். லாங் கோ கடற்கழியைத் தாண்டியதும் ஹாய் வான் மலை. பேருந்துகள் 2005-ல் திறந்த ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கச் சாலைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். ரயில் மட்டும் மலையின் இடுப்பைச் சுற்றிக் கடலோரமாக ஊர்ந்து போகும். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். எங்கள் அறை ஜன்னல் மலையைப் பார்த்து இருந்ததால், நடைபாதையில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். வளைவுகளில் எங்கள் எஞ்சினே ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கீழே மரங்கள், அதற்கும் கீழே பாறையில் அலை. ஃபோனை எடுத்தால் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு குகை வந்து இருட்டாக்கியது.

791 கிலோமீட்டர் உட்கார முடியாதவர்கள் ஹுவேயிலிருந்து டா நாங் வரை, 103 கிலோமீட்டர் மட்டும் பகலில் போங்கள். 2024 முதல் அந்தத் துண்டுக்கென்றே ஒரு சுற்றுலா ரயிலும் ஓடுகிறது. இரவுப் பயணம் என்றால், கூடுதல் காசு கொடுத்தாவது கீழ் பெர்த்.

டா நாங்கில் இறங்கி, பக்கத்து ஊரான ஹோய் ஆனுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கவுன்ட்டரில் கேட்டேன். ஹோய் ஆனில் ரயில் நிலையமே கிடையாதாம். சுமார் 30 கிலோமீட்டர், சாலை வழியாகத்தான் போக வேண்டும். நல்லவேளை, தோழி காரோடு வெளியே நின்றாள். பாட்டி கட்டிக்கொடுத்த மீதிப் பம்பளிமாஸை வழியிலேயே அவள் தின்று தீர்த்தாள்.