ரூ. 72,000 வாங்கிக்கொண்டு 1966 ஃபெண்டரின் ஒரிஜினல் பெயிண்டையே அழித்துவிட்டார்கள்: பழைய கிடார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எழுபத்திரண்டாயிரம் ரூபாய் போயிற்று. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இனி எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்பி வராத ஒன்றும் அதோடு போய்விட்டது. மேல் பெயிண்டை மட்டும் எடுக்கச் சொல்லிக் கடையில் கொடுத்த கிடார் பாடி, அதாவது மர உடல், போன வாரம் கைக்கு வந்தது. அந்தக் கடையைக் காட்டிய செயலியின் கடைசிப் பதில் இன்று மதியம் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அதைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று கடைசியில் சொல்கிறேன்.

கிடார் என் பெரியப்பாவுடையது. எழுபதுகளில் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசித்தவர். கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வாங்கிய அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார் அது. நெக்கின் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதி) அடியில் 1966 என்று தேதி முத்திரை இருக்கிறது. வால்யூம் பாட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உள்பாகம்) முதுகில் 137 என்று தொடங்கும் எண், அதை அடுத்து 66. அந்த இரண்டு இலக்கம்தான் பாட் தயாரான வருடம். அதனால் வருடத்தில் சந்தேகமே இல்லை. ஒலிம்பிக் ஒயிட் நிறம். எண்பதுகளில் குழுவில் எல்லோரும் கறுப்புச் சட்டைக்கு மாறியபோது பெரியப்பா தெரிந்த கார் பெயிண்டரிடம் கொடுத்துக் கறுப்பு எனாமல் அடித்துவிட்டார். அந்தக் காலத்தில் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. அவர் போன பிறகு பெரியம்மா கூப்பிட்டு, "நீதான்டா வாசிக்கிற, நீயே வச்சுக்கோ" என்று கொடுத்தார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒரிஜினல் பெயிண்டோடு இருக்கும் பழைய ஃபெண்டருக்கும் மறுபடி பெயிண்ட் அடித்ததற்கும் விலையில் மலையளவு வித்தியாசம். மறுபெயிண்ட் என்றாலே விலை ஏறக்குறைய பாதி என்பதுதான் பழைய கிடார் வாங்கி விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் என் கிடாரில் ஒரிஜினல் போகவில்லை, கறுப்புக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஃபெண்டர் அப்போது நம்பியிருந்தது டூப்பாண்ட் கம்பெனியின் கார் பெயிண்டுகளை, நம்மூரில் இன்றும் டூக்கோ என்கிறோமே, அந்த வகை. ஒலிம்பிக் ஒயிட்டின் மேல் பெரும்பாலும் நிறமில்லாத நைட்ரோ லாக்கர் (ஒரு வகை வார்னிஷ்) ஒரு பூச்சு இருக்கும். வருடம் ஆக ஆக அது பழுத்து, வெள்ளை வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறத்துக்காகத்தான் ஆட்கள் உயிரை விடுகிறார்கள்.

நைட்ரோவின் மேல் நைட்ரோ அடித்திருந்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகியிருக்கும், பிரிக்க முடியாது. எனாமல் அப்படி இல்லை. அதைக் கலக்குவது டர்பன்டைனில். டர்பன்டைன் நைட்ரோவைக் கரைக்காது. அதனால் எனாமல் மேலே தனிப் படலமாக உட்கார்ந்திருக்கும். பொறுமை உள்ளவர் பிளேடைச் சாய்த்துப் பிடித்து நகத்தளவு நகத்தளவாகச் சுரண்டி, கடைசியில் 2000 நம்பர் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெதுவாகத் தேய்த்தால் கீழே இருப்பதை வெளியே கொண்டுவரலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் வரலாற்றுப் பேராசிரியர் கோவிந்தசாமி கண்டுபிடித்தாரே, பிறகு மேல் படலத்தைப் பிரித்தெடுத்தார்களே, வேலையின் குணம் அதுதான். மேலே இருப்பதை எடுக்க வேண்டும், கீழே இருப்பதைத் தொடக் கூடாது.

வீட்டுக்கு ஆள் அனுப்புகிற, எல்லா வேலைக்கும் ஆள் பிடித்துத் தருகிற ஒரு செயலி வழியாகத்தான் இந்தக் கடை கிடைத்தது. நல்ல மதிப்பெண், நிறையப் பாராட்டு. கடைக்காரர் பாடியைக் கையில் வாங்கினார். நெக் உட்காரும் குழியை டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே குச்சி வடிவத்தில் பெயிண்ட் படாத ஒரு இடம் இருக்கும். பெயிண்ட் அடிக்கும்போது ஃபெண்டர்காரர்கள் ஒரு குச்சியை அங்கே திருகி அதைப் பிடித்துக்கொள்வார்கள், அதன் அடையாளம். "இது இருக்கு பாருங்க சார், இதுதான் ஒரிஜினலுக்கு சாட்சி" என்றார். பிறகு பின்பக்கம் ஸ்பிரிங் குழியின் ஓரத்தில் பிளேடு நுனியால் ஒரு அரிசி அளவு கறுப்பை எடுத்தார். அடியில் வெண்ணெய் நிறம். "உள்ள அப்படியே தூங்குது சார். ரெண்டு மாசம் குடுங்க, எழுப்பி விடறேன். ஒரு சொட்டு புது பெயிண்ட் படாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். சின்ன வயதில் பெரியப்பா மடியில் பார்த்த நிறம் அது. இத்தனை தெரிந்த மனிதர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? தெரியாதவர் கெடுத்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

ரூ. 72,000, முழுவதும் முன்பணம். சின்னச் சின்ன உடைசல்களைச் சரிசெய்ய அமெரிக்காவிலிருந்து லாக்கர் வரவழைக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். பணம் செயலி வழியாகத்தான் போனது. அப்புறம், "பொருள் வாங்கினதுக்குப் பதிவு பண்ணணும், ஓடிபி சொல்லுங்க சார்" என்றார். அந்த ஓடிபி உண்மையில் எதற்குத் தெரியுமா? வேலை முடிந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று உறுதிப்படுத்துவதற்கு. வேலை தொடங்கும் முன்பே செயலியில் வேலை முடிந்துவிட்டது, என் ரூ. 72,000 அவர் கணக்குக்குப் போய்விட்டது.

அதன் பிறகு போன் செய்தால் மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார். அடுத்து, லாக்கர் கஸ்டம்ஸில் நிற்கிறது. பிறகு, மழை ஈரத்தில் கை வைக்கக் கூடாது. போட்டோ கேட்டால், "முடிச்சு முழுசா காட்டறேன் சார், சர்ப்ரைஸ்."

வந்து பார்த்தால் பாடி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை. மொத்தத்தையும் ஸ்ட்ரிப்பர் (பெயிண்டை உரிக்கும் ரசாயனம்) போட்டு மரம் வரை உரித்து, பட்டி பூசி, கார் பட்டறையில் அடிக்கிற டூ-கே பெயிண்டை அடித்திருக்கிறார்கள். உள்ளே தூங்குகிறது என்று அவரே காட்டிய அந்த வெண்ணெய் நிறம் எங்கும் இல்லை. குச்சி அடையாளத்தின் மேலும் பெயிண்ட். குழிக்குள் பெயிண்ட் தடித்துவிட்டதால் நெக் உட்காரவே மறுக்கிறது. கை படும் சரிவுகளின் வடிவத்தை மெஷினில் தேய்த்து மழுக்கிவிட்டார்கள். டிரெமோலோவின் (கம்பிகளின் சுருதியை அசைக்கும் அமைப்பு) ஆறு ஸ்க்ரூ துளைகளையும் பட்டியால் அடைத்திருக்கிறார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஸ்பிரிங் குழிக்குள் வைத்துப் பார்த்தேன். நைட்ரோவாக இருந்தால் உடனே இளகிப் பஞ்சில் ஒட்டும். இது அசையவில்லை. அமெரிக்க லாக்கர் ஒரு சொட்டுகூட இந்தப் பாடியைத் தொடவில்லை.

கேட்டதற்கு வந்த பதில்: "புதுசு மாதிரி ஆயிடுச்சே சார், இதுக்கா கோபம்?" அடுத்த நாள், "உள்ள இருந்த பெயிண்ட் கெட்டுப்போயிருந்தது." அதற்கடுத்து, "நீங்கதானே ரீஸ்டோர்னு சொன்னீங்க." இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை.

செயலியின் வாடிக்கையாளர் சேவை இதைவிட மோசம். முதலில் இயந்திரம் பேசியது. பிறகு வந்த மனிதரும் இயந்திரம் மாதிரியே பேசினார். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." படங்கள் அனுப்பினேன். ஓடிபி கொடுத்ததால் வேலையை ஏற்றுக்கொண்டதாகப் பொருள், புகார் செய்யும் காலமும் கடந்துவிட்டது என்றார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோதே கடந்துவிட்ட காலம்! நல்லெண்ண அடிப்படையில் ரூ. 500 கூப்பன் தருகிறார்களாம், அடுத்த முன்பதிவில் பயன்படுத்திக்கொள்ளலாமாம். ரூ. 72,000-க்கு ரூ. 500. பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சரி, சொல்ல வேண்டியவை. நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

பொருள் கையில் வருவதற்கு முன் ஓடிபி கொடுக்காதீர்கள், எந்தக் காரணம் சொன்னாலும். முழுப் பணமும் முன்பணமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுக்கும் முன் நெக் குழி, ஸ்பிரிங் குழி, ஸ்க்ரூ துளைகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். "மேல் பூச்சை மட்டும் எடுக்க வேண்டும், ஸ்ட்ரிப்பர் கூடாது, ஹீட் கன் கூடாது, புதுப் பெயிண்ட் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாரம் ஒரு படம் வராவிட்டால் நேரில் போய் நில்லுங்கள். நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லையா, கறுப்பாகவே இருக்கட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஏமாந்தவர்கள் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் கடை மீதும் செயலி மீதும் சேர்த்துப் போடப்போகிறேன். பாடியை இதே நிலையில் வைத்திருக்கிறேன், அதுதான் சாட்சிப் பொருள். நெக்கை உட்கார வைக்கக் குழியைச் சுரண்டக்கூட மாட்டேன்.

சென்னையில் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லையும் படங்களையும் அழிக்காமல் வையுங்கள், எனக்கும் எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.