எடை குறைந்த ஏர் ரைபிளுக்கு 4×32 ஸ்கோப்: செட்டிநாட்டுத் தோப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

மூன்று கிலோவுக்கும் குறைவான ஏர் ரைபிளின் மேல் முக்கால் கிலோ ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மாட்டிவிட்டு, குறி ஏன் நிலைக்கவில்லை என்று குழம்புகிறவர்களைக் காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கிறேன். இணையத்தில் பொருள் வாங்கும்போது உருப்பெருக்க எண் பெரியதாக இருந்தால் பொருளும் உயர்ந்தது என்று நினைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் துப்பாக்கி இலேசானதாக இருந்தால் அதன்மேல் ஏறுவதும் இலேசாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ரைபிளில் மூன்று ஸ்கோப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திச் சுட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது தாளையும் தகர டப்பாவையும் சுடுவதற்கான பொருளைப் பற்றிய மதிப்பீடு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்ட 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் வைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக, அதைக் கொண்டு கண்மாயில் இறங்கும் கொக்கையும் நாரையையும் குறிவைக்கலாம் என்று பொருளாகாது. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் நமக்கு வெகு தொலைவில் இல்லை.

என்னிடம் உள்ள ரைபிள் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் ரகம். செட்டிநாட்டில் பலரிடமும் இருப்பது இதே ரகம்தான். அதில் பொருத்திப் பார்த்த மூன்று ஸ்கோப்புகளில் முதலாவது ரைபிளுடன் சேர்த்து விற்கப்பட்ட 3-9×40; அதாவது 3 முதல் 9 மடங்கு பெருக்கமும் 40 மி.மீ. முகப்புக் கண்ணாடியும் கொண்டது. இரண்டாவது நண்பர் ஒருவர் கொடுத்துதவிய 6-24×50. மூன்றாவது, முன்புற வளையத்தைத் திருகிப் பேரலாக்ஸ் (கண் விலகினால் குறியும் விலகித் தெரியும் பிழை) சரிசெய்துகொள்ளக்கூடிய 4×32. மளிகைக் கடை மின்தராசில் வைத்துப் பார்த்தபோது 4×32 அதை ரைபிளில் பிடித்துவைக்கும் மவுண்ட்டுடன் சேர்த்து 430 கிராமும், 6-24×50 அதன் மவுண்ட்டுடன் 860 கிராமும் இருந்தன. நண்பருடைய ஸ்கோப்பைக் கையில் வாங்கிப் பார்த்த என் அம்மான், "ஏப்பா, இதிலே சந்திரனையே பார்க்கலாம் போலிருக்கே, இருபது மீட்டர்லே இருக்கிற தாளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

எடை கூடினால் துப்பாக்கி ஆடாது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. மணல் மூட்டையில் சாய்த்துச் சுடும்போது கனமான துப்பாக்கி நிதானமாகவே கிடக்கும். ஆனால் அந்த எடை குழலிலோ தோளில் அணைக்கும் கட்டையிலோ இருந்தால்தான் நன்மை செய்யும். குழலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஏறி உட்கார்ந்த எடை, நின்றுகொண்டு சுடுபவரின் கையில் துப்பாக்கியை இடமோ வலமோ சாய்க்கப் பார்க்கும். 25 மீட்டர் செல்வதற்குள் பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) ஏறத்தாழ 6 செ.மீ. கீழிறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், துப்பாக்கி 5 பாகை சாய்ந்தாலே குறி பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் விலகிவிடும். ஐந்து பாகைச் சாய்வு சுடுபவருக்கு எளிதில் புலப்படாது. 50 மி.மீ. முகப்புக் கண்ணாடி கொண்ட ஸ்கோப்புக்கு உயரமான மவுண்ட் தேவைப்படுவதால் கன்னம் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்பதும், ஒவ்வொரு சூட்டுக்கும் தலை வெவ்வேறு இடத்தில் அமைவதும் இதனோடு சேர்ந்துகொள்ளும். 4×32 ஸ்கோப்பைத் தாழ்வான மவுண்ட்டிலேயே பொருத்திவிடலாம். கன்னத்தைக் கட்டையில் பதித்தவுடன் கண் தானாகவே லென்ஸின் நடுவுக்கு வந்துவிடுகிறது.

எடையைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஸ்பிரிங் ரைபிளுக்கே உரியது. விசையை அழுத்தியவுடன் உள்ளேயுள்ள பிஸ்டன் முன்னோக்கிப் பாய்வதால் துப்பாக்கி முதலில் பின்னுக்கு உதைக்கிறது. மறுகணமே பிஸ்டன் அறையின் முனையில் வந்து மோதுவதால் துப்பாக்கி முன்னுக்கு வெட்டி இழுக்கிறது. அப்படி முன்னுக்கு இழுக்கப்படும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்க முயல்வதால், மவுண்ட் மெல்ல மெல்லப் பின்பக்கம் நகர்ந்துவிடும். ஸ்கோப் எவ்வளவு கனமோ அவ்வளவு விசை மவுண்ட்டின் பிடியில் விழும். நண்பரின் பெரிய ஸ்கோப்பைப் பொருத்திச் சுட்ட அன்று, திருகுகளை நன்றாக முறுக்கியிருந்தும், ரைபிளின் மேல் மவுண்ட் கவ்விக்கொள்ளும் வரிப்பள்ளத்தில் கருப்பு மெருகு கீறிப்போய், நகத்தின் அளவுக்குப் பளபளவென்று புது உலோகம் தெரிந்தது. மவுண்ட் நகர்ந்த தடம் அது. 4×32 இன்றுவரை போட்ட இடத்திலேயே இருக்கிறது.

ரைபிளுடன் வந்த 3-9×40 இந்த இருபக்க உதைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. உள்ளிருக்கும் குறுக்குக்கோடு தளர்ந்து சாய்ந்துவிட்டது. குறியைச் சரிசெய்யும் திருகுக் குமிழான டரெட்டை எத்தனை கிளிக் திருப்பினாலும் குறி ஓர் ஒழுங்கில் நகரவில்லை. வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைக்கும் என்பதால், அதற்காகச் செய்யப்பட்ட ஸ்கோப்புகளில் சிலவற்றின் லென்ஸ்கள் அந்த ஒரு திசைக்கு மட்டுமே முட்டுக் கொடுத்து அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே விலை உயர்ந்த வேட்டை ஸ்கோப்பாக இருந்தாலும், ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறாரா என்பதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அடுத்தது பேரலாக்ஸ். பெரும்பாலானோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பொதுவான வேட்டை ஸ்கோப்புகளில் பேரலாக்ஸ் 100 கெஜத்தில், சிலவற்றில் 150 கெஜத்தில், பிழையின்றி இருக்குமாறு ஆலையிலேயே நிலைப்படுத்தப்பட்டிருக்கும். நாம் சுடுவதோ 10 முதல் 30 மீட்டருக்குள். 100 மீட்டருக்கு நிலைப்படுத்திய 40 மி.மீ. ஸ்கோப்பின் வழியே 20 மீட்டரில் உள்ள தாளைப் பார்த்தால், கண் லென்ஸின் நடுவிலிருந்து முழுமையாக ஓரத்துக்கு விலகும் நிலையில் குறி 16 மி.மீ. வரை தவறக்கூடும். அதே நிலையில் 32 மி.மீ. ஸ்கோப்பில் இந்தப் பிழை 13 மி.மீ.க்குள் அடங்கிவிடும். முகப்பு சிறியதாக இருப்பதால் மட்டுமே கிடைக்கும் நன்மை இது. நான் வாங்கிய 4×32 ஸ்கோப்பில் முன்வளையத்தை 10 மீட்டர் வரை கொண்டுவர முடிவதால் பிழை கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. வளையத்தைத் திருகியபின் தலையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குறுக்குக்கோடு தாளின் மேல் நகராமல் நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். வளையத்தில் பொறித்துள்ள தொலைவு எண்களை அப்படியே நம்ப வேண்டாம். 20 என்று போட்ட இடத்தைவிடச் சற்றுத் தள்ளித்தான் என்னுடையதில் 20 மீட்டர் தெளிவாகிறது. வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 4×32இல் அது 8 மி.மீ.; 9 மடங்கில் வைத்த 3-9×40இல் 4.4 மி.மீ.; 24 மடங்கில் வைத்த 6-24×50இல் வெறும் 2.1 மி.மீ. கண்பாவை இருட்டில்கூட ஏறத்தாழ 7 மி.மீ.தான் விரியும் என்பதால், அந்தி மயங்கும் நேரத்தில் புளியமர நிழலில் நின்று பார்த்தாலும் சிறிய ஸ்கோப் ஒளிக்குக் குறை வைப்பதில்லை. கற்றை அகலமாக இருப்பதால் கண்ணைத் தேடித் தேடிப் பொருத்த வேண்டியதும் இல்லை.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கு மேல் செம்மண் தரையிலிருந்து எழும் அனலில், 24 மடங்கு பெருக்கத்தில் தாளின் வட்டங்கள் நெளிந்து நெளிந்து தெரிகின்றன. கையின் நடுக்கமும், நெஞ்சின் துடிப்பும்கூட அதே அளவுக்குப் பெருகித் தெரிவதால், சுடுபவர் குறுக்குக்கோட்டைத் துரத்திக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். 4 மடங்கில் இந்த நெளிவு கண்ணில் படுவதே இல்லை. 20 மீட்டரில் உள்ள தாள் 5 மீட்டரில் இருப்பதுபோல அமைதியாகத் தெரிகிறது. செம்மண் தூசி மட்டும் எந்த ஸ்கோப்பையும் விடுவதில்லை. முன்வளையத்தின் இடுக்கில் படியும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, லென்ஸின் மேலுள்ளதை ஊதுகுமிழால் ஊதி அகற்றிய பிறகே துணியைத் தொட வேண்டும். வேட்டி முனையால் துடைப்பது லென்ஸின் பூச்சைக் கீறிவிடும்.

இந்த 4×32 குறையற்றது என்று சொல்ல மாட்டேன். கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த 4.5 மி.மீ. துளையை 20 மீட்டரிலிருந்து இதில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். வெள்ளைத் தாளில் சிறு புள்ளி வைத்துச் சுடுவதே இதற்கு ஏற்றது, நான் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைப் பயன்படுத்துகிறேன். டரெட்டின் கிளிக் ஓசை மந்தமானது. விரலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரிவதில்லை. ஓரங்களில் படம் சற்று மங்குகிறது. கூடவே வந்த லென்ஸ் மூடி, ஒரு வெயில் காலத்திலேயே ரப்பர் விட்டுப்போனது. மேலும், 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அந்தப் போட்டியில் லென்ஸ் வைத்த ஸ்கோப்புக்கு அனுமதியில்லை; துளைக் குறிகாட்டியைக் கொண்டே அரை மில்லிமீட்டர் நடுப்புள்ளியைக் குறிவைக்கப் பழக வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறி, அந்நாட்டு உரிமத்துடன் வேட்டைக்குச் செல்லும் நம் உறவினர் சிலர் இதே கேள்வியைக் கேட்பதால் அவர்களுக்காகவும் சில வரிகள். அங்கே மலையேறிச் செல்பவர்களுக்கென்றே கிம்பர் மவுண்டன் அசெண்ட் போல ஏறத்தாழ 2.2 கிலோ மட்டுமே உள்ள துப்பாக்கிகள் விற்கப்படுகின்றன. அவற்றின்மேல் ஏற்றுவதற்கு லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 2-7×33 (ஏறத்தாழ 315 கிராம்), ஸ்வரோவ்ஸ்கி இசட்3 3-10×42 (ஏறத்தாழ 360 கிராம்) போன்றவை பொருத்தமானவை. ஆனால் அங்கே எடையோடு இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். அதே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுட்டால் துப்பாக்கி அதிக வேகத்தில் பின்னுக்குப் பாயும் என்பதால், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி தேவை. அது இல்லாவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது தலை முன்னுக்கு வந்துவிடுவதால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

நம் பக்கம் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் ஸ்கோப்பில் மிச்சம்பிடிக்கும் பணத்தை மவுண்ட்டில் போடுவது நல்லது. தனித்தனி ரிங்குகளைவிட ஒரே துண்டாக வார்த்த, 11 மி.மீ. வரிப்பள்ளத்துக்குப் பொருந்தும் மவுண்ட் அதிக நீளத்துக்குப் பிடித்துக்கொள்ளும். அதன் அடியில், ரைபிளின் மேலுள்ள குழியில் இறங்கி நிற்கும் தடுப்பு ஊசி இருக்க வேண்டும். ரைபிளில் அந்தக் குழியே இல்லையென்றால், மவுண்ட்டுக்குப் பின்னால் இறுக்கும் தனித் தடுப்புக் கட்டையைக் கேட்டு வாங்குங்கள். திருகுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பொருத்தி, முதல் ஐம்பது பெல்லட் சுட்டபின் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்து, அதன் பிறகு 20 மீட்டரில் ஜீரோ செய்துகொள்ளுங்கள், அதாவது பெல்லட் படும் இடத்துக்குக் குறுக்குக்கோட்டைக் கொண்டுவந்துவிடுங்கள்.